கைக்குழந்தை மூச்சில் 'கர்... கர்...' சத்தம்! கழுத்தில் ஸ்கேன் வைத்தால் காரணம் தெரியும். அரியலூரில் முட்டுக்கட்டை எது?

(நமது நிருபர்)

அரியலூர்,

பிறந்து 2 வாரம்தான் ஆகியிருக்கும். குழந்தை பால் குடிக்கிறது, தூங்குகிறது. காய்ச்சல் இல்லை. ஆனால் மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் 'கர்... கர்...' என்று ஒரு சத்தம். மல்லாக்கப் படுக்க வைத்தால் சத்தம் கூடுகிறது. தூக்கித் தோளில் போட்டால் குறைகிறது. அழுதால் வீடே கேட்கிறது.

"ஒண்ணுமில்ல புள்ள, நெஞ்சுச் சளிதான். ஓமத் தண்ணி குடு, போயிடும்" என்று அப்பாயி சொல்லும். எதிர் வீட்டுக்காரர் சிமெண்டு ஆலைத் தூசியைச் சொல்வார். லாரி போகிற ரோட்டோரத்தில் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். இன்னொருவர் தொக்கம் எடுக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார். இன்னும் சில ஊர்களில் வாய்க்குள் விரலை விட்டுக் கோழை எடுக்கும் பழக்கம் உண்டு.

இத்தனை பேரும் சொல்வது அக்கறையில்தான். ஆனால் இந்தச் சத்தம் பெரும்பாலும் நெஞ்சிலிருந்து வருவது அல்ல. சளியும் அல்ல. தூசியும் அல்ல. தொண்டையில், குரல் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து வருகிறது. என்ன காரணம் என்று பார்க்க, வயிற்றில் வைத்துப் பார்க்கிறோமே, அதே ஸ்கேனைக் குழந்தையின் கழுத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பது பல பேருக்குத் தெரியாது.

4 மில்லி மீட்டர் வழி

பச்சிளம் குழந்தையின் மூச்சுப் பாதை எவ்வளவு அகலம் தெரியுமா? குரல் நாணுக்குக் கீழே, ரொம்பக் குறுகலான இடத்தில் 4 முதல் 5 மில்லி மீட்டர்தான். ஒரு பென்சிலைவிடக் குறைவு. அதில் சுற்றிலும் 1 மில்லி மீட்டர் வீங்கினால் போதும். 4 மில்லி மீட்டர் குழாய் 2 ஆகிவிடும். கணக்குப் போட்டால் காற்று போகிற வழியில் முக்கால் பங்கு அடைபட்டுப் போகிறது. பெரியவர்களுக்கு அதே வீக்கம் வந்தால் குரல் கொஞ்சம் கம்மும். அவ்வளவுதான்.

சத்தம் போடுகிற குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரணம் ஒன்றே ஒன்று. குரல் பெட்டிக்கு மேலே உள்ள குருத்தெலும்பும் சதையும் இன்னும் கெட்டிப்படாமல் தொளதொளவென்று இருக்கும். மூச்சை இழுக்கும்போது அது உள்ளே மடிந்து விழும். அதுதான் சத்தம். முதல் சில வாரங்களில் ஆரம்பித்து, 6-வது மாதம் வரை கூடி, பிறகு குறைந்து, ஒன்று அல்லது ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். மருந்தே வேண்டாம். நூற்றுக்கு 10 முதல் 20 குழந்தைகளுக்குத்தான் அது முற்றிப்போய் ஆபரேஷன் வரை போகிறது.

அப்படியானால் கவலை இல்லையே என்று கேட்கலாம். கவலை மீதிக் குழந்தைகளைப் பற்றித்தான்.

குரல் நாண் செயலிழந்த குழந்தையும் இதே மாதிரிதான் சத்தம் போடும். சிலருக்குப் பிறவியிலேயே வரும். சிலருக்கு இருதய ஆபரேஷனுக்குப் பிறகு வரும். இடது பக்கக் குரல் நாணை ஆட்டுகிற நரம்பு நேரே தொண்டைக்கு வருவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, இருதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. அந்த இடத்தில் கத்தி வைக்கும்போது நரம்புக்கு அடிபட்டால் குரல் நாண் படுத்துவிடும்.

குறைமாதத்தில் பிறந்து, பல நாள் தொண்டையில் குழாய் போட்டு செயற்கைச் சுவாசம் கொடுக்கப்பட்ட குழந்தைக்கு உள்ளே தழும்பு விழுந்து வழி சுருங்கலாம். இன்னும் சில குழந்தைகளுக்கு மூச்சுக் குழாய்க்குள் ரத்தக் குழாய்க் கட்டி வளரும். தாடையிலும் கழுத்திலும் சிவப்புத் திட்டு இருந்து கூடவே இந்தச் சத்தமும் இருந்தால் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். இதற்கு மருந்து உண்டு. ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் புரோபிரனலால் என்ற பழைய மருந்து இந்தக் கட்டியைச் சுருக்குகிறது என்று 2008-ல் பிரான்சு நாட்டு போர்டோ நகர டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

ஆக, சத்தம் ஒன்று, காரணம் பல. ஒன்றுக்குப் பொறுமை போதும். இன்னொன்றுக்கு ஒரு நாள் தாமதித்தாலும் ஆபத்து. காதால் கேட்டு மட்டும் எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. மூச்சை இழுக்கும்போது சத்தமா, விடும்போது சத்தமா என்று பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். இழுக்கும்போது என்றால் குரல் நாணிலோ அதற்கு மேலோ. விடும்போது என்றால் நெஞ்சுக்குள். இரண்டிலும் என்றால் குரல் நாணுக்குக் கீழே சுருக்கம் இருக்கலாம். உள்ளே பார்த்தால்தான் முடிவு.

பார்ப்பது எப்படி?

இன்றைக்கும் முறையான வழி, மூக்கு வழியாக 2, 3 மில்லி மீட்டர் தடிமனுள்ள வளையும் குழாயை விட்டுப் பார்ப்பதுதான். காது, மூக்கு, தொண்டை டாக்டர் செய்வார். சில நிமிட வேலை. மயக்க மருந்து வேண்டாம். ஆனால் கைக்குழந்தை அளவுக்கு மெல்லிய குழாய் வேண்டும், கைதேர்ந்த டாக்டர் வேண்டும். இன்னும் கீழே பார்க்க வேண்டுமானால் மயக்கம் கொடுத்து, நேரான உலோகக் குழாயை உள்ளே விட வேண்டும். அதற்கு மயக்க டாக்டரும், பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

அதனால்தான் அரியலூர், பெரம்பலூர் மாவட்டத்துக் குழந்தை என்றால் வழக்கமாகத் திருச்சிக்கு அல்லது தஞ்சாவூருக்கு எழுதிக்கொடுத்து விடுவது. அரியலூருக்காவது கார்டு லைனில் ரெயில் உண்டு. பெரம்பலூருக்கு ரெயிலே கிடையாது, பஸ்தான். பிரசவமாகி ஒரு மாதம்கூட ஆகாத தாய், கையில் சத்தம் போடுகிற குழந்தை, கூலி வேலையை விட்டுவிட்டு வந்த கணவன். போன அன்றே பார்த்துவிடுவார்கள் என்று உத்தரவாதம் இல்லை. இரண்டாவது தடவை வரச் சொன்னால் பலர் போவதில்லை. 'எப்படியும் தானாகச் சரியாகும்னுதானே சொன்னாங்க' என்று இருந்துவிடுகிறார்கள். அப்படி இருந்துவிடுகிறவர்களில் யாருடைய குழந்தை ஆபத்தான கணக்கில் வருகிறது என்பதுதான் யாருக்கும் தெரியாமல் போகிறது.

கொதிகலனில் பிறந்த வித்தை

இந்த இடத்தில்தான் ஸ்கேன் வருகிறது.

ஸ்கேன் என்பது சத்தத்தால் பார்ப்பது. மனிதன் காதுக்கு நொடிக்கு 20 ஆயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். குழந்தையின் கழுத்தில் வைக்கும் புரோப், அதாவது கையில் பிடித்துத் தேய்க்கிற கருவி, நொடிக்கு 1 கோடி அதிர்வு என்ற அளவில் சத்தத்தை அனுப்புகிறது. அது உள்ளே பட்டுத் திரும்பி வருவதை வைத்துத் திரையில் படம் போடுகிறது.

இது ஆஸ்பத்திரியில் பிறந்த வித்தை அல்ல. இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கப் பயன்பட்டு வந்தது. 1955-ல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகர டாக்டர் இயன் டொனால்டு, ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே இருந்த விரிசல் பார்க்கும் கருவியில் வைத்துப் பார்த்தார். எது நீர்க்கட்டி, எது சதைக்கட்டி என்று தெரிந்தது. 1958-ல் அதை லண்டன் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். பிறகுதான் உலகம் முழுக்கப் பிரசவ ஸ்கேன் வந்தது. நம் திருச்சி பெல் ஆலையில் கொதிகலன் பற்றவைப்பைச் சோதிப்பதும் இதே வித்தைதான். அங்கே வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

பெரியவர்கள் கழுத்தில் இந்த ஸ்கேன் அவ்வளவு தெளிவாக விழாது. வயது ஏற ஏறக் குரல் பெட்டியின் குருத்தெலும்பு எலும்பாக இறுகிவிடும். எலும்பு சத்தத்தை மறித்துவிடும். குழந்தைக்கு அது இன்னும் மெத்தென்று இருப்பதால் சத்தம் தாராளமாக உள்ளே போகிறது. குழந்தைக்கு எது பலவீனமோ, அதுவே ஸ்கேனுக்கு ஜன்னலாகிவிட்டது.

குழந்தையைத் தாய் மடியில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். மயக்கம் வேண்டாம். ஊசி வேண்டாம். எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு கிடையாது. மூக்கில் எதையும் விடுவதில்லை. கழுத்தில் கொஞ்சம் களிம்பு தடவி, புரோப்பை லேசாக வைத்தால் திரையில் குரல் நாண் இரண்டும் ரெட்டைக் கதவு மாதிரித் தெரியும். மூச்சு இழுக்கும்போது திறக்கும். அழும்போது மூடும். ஒரு கதவு அசையாமல் நின்றால் அந்தப் பக்கம் செயலிழந்திருக்கிறது என்று அர்த்தம். குழந்தை அழுதால் பிற சோதனைகள் நின்றுபோகும். இதற்கு அழுகையே உதவி!

புதுச் செய்தியும் அல்ல இது. கைக்குழந்தைகளின் குரல் நாணை இப்படிப் பார்ப்பது பற்றி அமெரிக்க டாக்டர் எல்லன் பிரீட்மன் 1997-லேயே எழுதியிருக்கிறார். 2020-ல் கொரோனா வந்தபோது மூக்கில் குழாய் விட்டால் தும்மலில் கிருமி பரவும் என்று பல நாட்டு டாக்டர்கள் பயந்தார்கள். அப்போது இந்த ஸ்கேன் மீது கவனம் கூடியது.

முந்திரிப் பருப்பு தெரியாது

ஆனால் ஸ்கேனை மந்திரக்கோல் என்று நினைத்தால் அதுவும் ஆபத்துதான்.

காற்று இருக்கிற இடத்தில் இந்தச் சத்தம் நுழையாது. மூச்சுக் குழாயோ முழுக்கக் காற்று. அதனால் முன்பக்கச் சுவர் தெரியும், பின்பக்கம் தெரியாது. குரல் நாண் அசைவைச் சொல்வதில் ஸ்கேன் கெட்டிக்காரன். தொளதொளத்த சதையைச் சொல்வதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரு குழந்தைக்கு இரண்டு கோளாறு ஒரே நேரத்தில் இருப்பதும் உண்டு. மேலே உள்ளதைக் கண்டுபிடித்துவிட்டுக் கீழே உள்ளதைக் கோட்டை விடலாம். பார்க்கிறவர் கைப்பழக்கம் வேறு இருக்கிறது.

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி அதிகம். வீட்டுக்கு வீடு கடலை காயும். தவழுகிற பிள்ளை ஒரு பருப்பை வாயில் போட்டு, புரையேறி, அது நுரையீரல் பாதையில் போய் உட்கார்ந்துகொண்டால் கழுத்து ஸ்கேனில் தெரியாது. எக்ஸ்ரேயிலும் பல நேரம் தெரியாது. நல்லா இருந்த பிள்ளை திடீரென்று இருமி, அதிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தால் ஸ்கேனுக்கு அலைந்து நேரத்தை வீணாக்கக் கூடாது. நேரே குழாய் விட்டு எடுக்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிதான். 'ஸ்கேன் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை' என்ற ஒரு வார்த்தை அங்கே உயிருக்கே உலை வைத்துவிடும்.

பிறகு எதற்கு ஸ்கேன்? பிரித்து அனுப்புவதற்கு. எந்தக் குழந்தையை இன்றைக்கே வண்டியில் ஏற்ற வேண்டும், எந்தக் குழந்தையை மாதம் ஒரு முறை எடை பார்த்து இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்ய டாக்டர் கையில் இன்னொரு சாட்சி. குரல் நாண் செயலிழந்த குழந்தைக்கு அது திரும்ப அசைகிறதா என்று மாதா மாதம் பார்க்கவும் இதுதான் சௌகரியம். ஒவ்வொரு தடவையும் மூக்கில் குழாய் விட வேண்டியதில்லை.

கெட்ட பெயர் எடுத்த கருவி

இதில் போலீஸ் சமாச்சாரமும் ஒன்று இருக்கிறது.

எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் சுவரில் ஒரு போர்டு இருக்கும். கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது. அது சட்டப்படி குற்றம் என்று எழுதியிருக்கும். 1994-ல் வந்து, 1996 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டம். மீறினால் முதல் தடவையே 3 ஆண்டு வரை ஜெயில்.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. அரியலூர்க்காரர்களுக்கு அது இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 6 வயது வரையுள்ள பிள்ளைகளில் ஆயிரம் ஆணுக்குத் தமிழ்நாடு அளவில் 943 பெண். அரியலூர் மாவட்டத்தில் 900-ஐக்கூட எட்டவில்லை. பக்கத்துக் கடலூரிலும் அதே கதைதான். 2022-ல் தர்மபுரி மாவட்டத்தில் வீட்டில் வைத்துக் கையடக்க ஸ்கேனில் சிசு ஆணா, பெண்ணா என்று பார்த்துச் சொன்ன கும்பல் பிடிபட்டது.

அதனால் 2012-ல் விதிகளை இறுக்கினார்கள். ஒரு டாக்டர் ஒரு மாவட்டத்தில் 2 இடங்களுக்கு மேல் ஸ்கேன் பார்க்கப் பதிவு செய்ய முடியாது. கையில் தூக்கிப் போகிற சின்னக் கருவி பதிவான ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போகக் கூடாது. நடமாடும் மருத்துவ வண்டிக்கு மட்டும் தனி நிபந்தனை. கருவியை விற்பவரும் பதிவில்லாத இடத்துக்கு விற்கக் கூடாது.

விளைவு என்ன? குழந்தை டாக்டர் ஒருவர் தன் கிளினிக்கில் கழுத்து பார்க்க மட்டும் ஒரு சின்ன ஸ்கேன் வாங்கி வைக்க நினைத்தாலும் பதிவு, ஆய்வு, ரிஜிஸ்தர் எல்லாம் வேண்டும். 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்கிக்கொள்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. வயிற்றில் இருக்கும் பெண் குழந்தையைக் காப்பாற்ற வந்த சட்டம், வெளியே வந்த குழந்தையின் கழுத்துக்குக் கருவி வராமல் மறித்து நிற்கிறது.

கழுத்து பார்க்கும் புரோப் சில சென்டி மீட்டர் ஆழம்தான் பார்க்கும்; அதற்கு விலக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கருவியில் புரோப்பைக் கழற்றி வேறு புரோப்பை மாட்ட ஒரு நிமிடம் போதும். கடலூரையும் அரியலூரையும் கணக்கில் வைத்துக்கொண்டு பார்த்தால், சட்டத்தைத் தளர்த்து என்று எழுத இந்த நிருபருக்குக் கை வரவில்லை.

சட்டம் தடுக்காத வழி

தளர்த்தவும் வேண்டியதில்லை. குழந்தையின் கழுத்தை ஸ்கேன் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பதிவான கருவியில், பதிவான இடத்தில் பார்த்தால் தப்பே இல்லை. பெரியவர்களுக்குத் தைராய்டு கட்டியும் கால் நரம்பும் பார்க்கிற நேரான புரோப்பே குழந்தைக் கழுத்துக்கும் போதும். ஆகவே தைராய்டு ஸ்கேன் நடக்கிற ஆஸ்பத்திரி எதுவானாலும் சாமான் பாதி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

அரியலூர் 2007-ல் தனி மாவட்டமானது. 2022 ஜனவரி 12-ல் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் இதுவும் ஒன்று. வருஷத்துக்கு 150 மாணவர் இடம். கல்லூரி என்று ஒன்று வந்த பிறகு குழந்தை மருத்துவம், ஸ்கேன், காது மூக்கு தொண்டை ஆகிய 3 துறையும் ஒரே வளாகத்தில் இருந்தாக வேண்டும். இந்த 3 பேரும் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து சத்தம் போடும் குழந்தைகளை மட்டும் பார்த்தால் என்ன? குழாய் விட்டுப் பார்த்ததும் ஸ்கேனில் பார்த்ததும் ஒத்துப்போகிறதா என்று எழுதி வைத்தால் படிக்கிற பிள்ளைகளுக்கும் பாடம். கோடிக்கணக்கில் பணம் கேட்கிற யோசனை அல்ல இது. கட்டிடம் கேட்கவில்லை. நேரமும் மனசும் கேட்கிறது. மாவட்ட சுகாதார அதிகாரிகள் காதில் விழ வேண்டும்.

கிராம சுகாதார நர்சுகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தடுப்பூசி போட வரும்போது குழந்தையை எடை போடுகிறார்கள். சத்தம் இருக்கிற குழந்தைக்கு எடை ஏறுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. எடை ஏறினால் பாதிக் கவலை போய்விட்டது. பால் குடிக்கும்போது திணறி, வாயை எடுத்து எடுத்துக் குடித்து, எடை நின்றுபோனால் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டிய குழந்தை அது.

எப்போது ஓட வேண்டும்?

உதடு நீலம் பூத்தால், மூச்சு சில நொடி நின்று நின்று வந்தால், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவிலும் தொண்டைக் குழியிலும் சதை உள்ளே போனால், குழந்தை துவண்டுபோனால், சத்தமாக இருந்த மூச்சு திடீரென்று அடங்கிக் குழந்தை மட்டும் திணறினால் ஸ்கேனும் வேண்டாம், ஓமத் தண்ணியும் வேண்டாம். 108-க்குப் போன் போட வேண்டியதுதான். தொண்டையில் விரல் விடுவதும், குழாய் வைத்து ஊதுவதும், சூடு போடுவதும் கூடவே கூடாது. ஏற்கெனவே 4 மில்லி மீட்டர் உள்ள இடத்தில் விரல் பட்டு வீங்கினால் என்ன ஆகும் என்று மேலே கணக்குப் போட்டாயிற்று.

தோளில் போட்டால் சத்தம் குறைகிறதே என்று இரவில் குப்புறப் படுக்க வைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களும் உண்டு. அது வேண்டாம். டாக்டர் வேறு மாதிரிச் சொன்னாலொழிய, தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும்.

இன்னொரு சங்கடம். ராத்திரி முழுக்கக் 'கர்... கர்...' என்று வீட்டை எழுப்பிய குழந்தை, ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்ததும் சத்தமே இல்லாமல் தூங்கும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்பார். வந்தவர்கள் முழிப்பார்கள். இதற்குச் செலவில்லாத வழி, வீட்டில் சத்தம் வரும்போதே செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது. குழந்தையின் சட்டையைக் கழற்றி, கழுத்தும் நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். பால் குடிக்கும்போது ஒன்று, அழும்போது ஒன்று, தூங்கும்போது ஒன்று. டி.வி.யை அணைத்துவிட்டு எடுக்கவும்.